கைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கம்பி

சாவியை மட்டும் திருகி, எஞ்சினைக் கிளப்பாமல், நின்றுகொண்டிருக்கும் காரின் ஸ்டீயரிங்கை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் அசையும், அப்புறம் மாட்டேன் என்று நிற்கும். இரண்டு கையாலும் பிடித்து, தோளையும் கொடுத்து இழுத்தால், முன்சக்கரங்கள் தரையில் முனகிக்கொண்டே திரும்பும். நேற்று சாயங்காலம் இதே ஸ்டீயரிங்கை ஒற்றை உள்ளங்கையால் சுற்றி, இரண்டு வண்டிகளுக்கு நடுவே காரைச் சொருகியிருப்பீர்கள். அந்த உள்ளங்கைக்கும் இந்தத் தோள்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் பவர் ஸ்டீயரிங்.

ஷோரூமில் வாங்கிய காரில் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை. யோசித்தே ஆக வேண்டிய கூட்டம் ஒன்று உலகில் உண்டு. காரைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து, வீட்டுக் கராஜில், விடுமுறை நாள்களில் தன் கையால் பூட்டுகிறவர்கள். ‘கிட் கார்’காரர்கள்.

பிரிட்டனில் இந்தப் பழக்கத்தை வளர்த்தது வரி. முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. 1957இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இந்தச் சந்தில் புகுந்து ஓடிய கார். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், பிரிக்கும் முறையை அச்சடித்துக் கொடுத்துக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்து அந்தச் சந்தின் வாயை அடைத்தது. செவனைத் தயாரிக்கும் உரிமையும் அதே ஆண்டு கேட்டர்ஹாமுக்குக் கைமாறியது. சலுகை போன பிறகும் ஆட்கள் பூட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த ஆசைக்குப் பெயர் கோப்ரா. 1962இல் கரோல் ஷெல்பி, ஏ.சி. என்ற ஆங்கில நிறுவனத்தின் சின்னஞ்சிறு ஏஸ் காருக்குள் ஃபோர்டின் வி-8 எஞ்சினைத் திணித்தார். பின்னாலேயே 427 கன அங்குல எஞ்சினும் வந்தது. நம் கணக்கில் 7 லிட்டர். அசல் கோப்ராக்கள் மொத்தமே ஏறக்குறைய ஆயிரம்தான். இன்று சாலையில் காணும் கோப்ராக்களில் பெரும்பாலானவை வீட்டில் பூட்டிய நகல்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வேர்ஹம் ஊரில் 1995இல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் கிட் அவற்றில் பிரபலமானது. சட்டகமும் உடல் கூடும் அவர்கள் தருவார்கள். எஞ்சின் முதல் ஸ்டீயரிங் வரை ஒரு பழைய ஃபோர்டு மஸ்டாங்கிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் அந்த கிட்டின் மூல யோசனை.

அப்படி ஒருவர் இரண்டு வருடம் பாடுபட்டுக் காரை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் உறுமுகிறது. அக்கம்பக்கத்தார் கூடி நின்று பார்க்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து வண்டியை ஒடித்து வெளியே எடுக்க முயலும்போதுதான் விஷயம் புரிகிறது. கார் திரும்ப மறுக்கிறது. சக்கரங்களைத் திருப்பும் பாகத்துக்கு ரேக் என்று பெயர். அவர் எளிமை கருதி மஸ்டாங்கின் பவர் ரேக்கை ஒதுக்கிவிட்டு, சாதா ரேக்கைப் பூட்டியிருந்தார். ஸ்போர்ட்ஸ் காருக்கு எதற்குப் பவர் ஸ்டீயரிங், சாலையின் ஸ்பரிசம் போய்விடுமே என்றும் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள்.

நண்பர்கள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, டயரின் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

அஞ்சலட்டை அளவு ரப்பர்

ஆயிரம் கிலோ எடையுள்ள கோப்ரா நகலில் முன் அச்சின் மேல் 500 கிலோ என்று கொள்வோம். ஒரு முன்சக்கரத்துக்கு 250 கிலோ. டயருக்குள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. அப்படியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 125 சதுர சென்டிமீட்டர். 14-க்கு 9 சென்டிமீட்டர் கொண்ட நம் அஞ்சலட்டையும் அதே அளவுதான். கார் ஓடும்போதும் நிற்கும்போதும் அதற்குச் சாலையோடு இருக்கும் உறவு நான்கு அஞ்சலட்டைகள் மட்டும்.

கார் நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால், அந்த அட்டை இருந்த இடத்திலேயே சுழல வேண்டும். நடுப்பகுதி சும்மா இருக்கும். ஓரங்கள் தார்ச் சாலையில் தேய்ந்துகொண்டே நகரும். ஆட்டுக்கல்லில் குழவியை அமுக்கிப் பிடித்துத் திருப்புவது போன்ற வேலை. வண்டி கொஞ்சம் உருண்டால் போதும், கதை மாறிவிடும். பழைய ரப்பர் மேலே போய்ப் புது ரப்பர் தரைக்கு வந்துகொண்டே இருப்பதால், ஒரே இடத்தைப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. தேர் இழுக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நின்ற தேரை யாராலும் திருப்ப முடியாது. உருளும்போது முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புவார்கள்.

நின்ற டயரைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை வேண்டும்? டயர்ப் பொறியாளர்களிடம் ஒரு தோராய வாய்பாடு உண்டு. அதன்படி நம் கோப்ராவின் இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்துச் சுமார் 180 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 18 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. வாய்பாட்டில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எடை இரண்டு மடங்கானால் முறுக்கு இரண்டு மடங்கோடு நிற்காது, 2.8 மடங்காகும். காற்றைக் குறைத்தாலும் முறுக்கு ஏறும். அரை டன் எடையுள்ள செவன் ஏன் இன்றுவரை பவர் ஸ்டீயரிங் இல்லாமலே சுகமாகத் திரும்புகிறது, அதைப் போல இரு மடங்கு எடையுள்ள கோப்ரா ஏன் தோளை வாங்குகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. எடை கூடியதைவிடப் பாரம் வேகமாகக் கூடுகிறது.

இனி அந்த 180, கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்போம். ஸ்டீயரிங் தண்டின் அடிமுனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். அது ரேக் என்ற பல்வரிசைக் கம்பியை இடமும் வலமும் தள்ளுகிறது. ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் சக்கரங்களைத் திருப்புகின்றன. சக்கரம் 1 பாகை திரும்ப, ஸ்டீயரிங்கை 15 பாகை திருப்ப வேண்டும் என்றால் விகிதம் 15-க்கு 1. நெம்புகோல் கணக்குப்படி 180-ஐ 15-ஆல் வகுத்தால் 12. வழியில் உள்ள உராய்வையும் சேர்த்து 15 நியூட்டன் மீட்டர் என்று கொள்ளலாம். 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங்கின் விளிம்பில் இதை உண்டாக்க, கிட்டத்தட்ட 9 கிலோ விசை வேண்டும். இன்றைய காரில் இதே வேலைக்கு 2 கிலோகூடத் தேவைப்படுவதில்லை.

பாரத்தைக் குறைக்கப் பழைய வழிகள் இரண்டு. ஸ்டீயரிங்கைப் பெரிதாக்கலாம். பழைய லாரிகளில் தாம்பாளம் போல ஸ்டீயரிங் இருந்தது அதனால்தான். அல்லது விகிதத்தை 20-க்கு 1 என்று மாற்றலாம். அப்போது கை லேசாகும், சுற்றும் தூரம் கூடும். வளைவில் பின்சக்கரம் சறுக்கும்போது சட்டென்று எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டிய ஸ்போர்ட்ஸ் காரில், கூடுதலாக ஒவ்வொரு கால் சுற்றும் விலை மிக்கது. நெம்புகோல் இலவசமாக எதையும் தருவதில்லை.

கையை விட்டால் நேராகும் சக்கரம்

மூன்றாவது வழி ஒன்று உண்டு. கிட் கார்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் கையாள்கிறார்கள். காஸ்டர் கோணத்தைக் குறைப்பது.

சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது செங்குத்தாக நிற்பதில்லை, சவாரி செய்பவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் விழும். ஆகவே டயர், தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருகிறது. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம், நீங்கள் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வதும் இதே சூட்சுமம். கையை விட்டுச் சைக்கிள் ஓட்ட முடிவதற்கும் இது ஒரு காரணம். காரில் இந்தச் சாய்வின் பெயர்தான் காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவது இதன் தயவால்.

காஸ்டருக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. சாய்ந்த அச்சில் சக்கரம் திரும்பும்போது, வளைவின் வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கிச் சாய்கிறது, வளைவில் ஓடுகிறவன் உடம்பைச் சாய்ப்பது போல. பாரம் முழுவதும் விழும் அந்த டயர், தரையை இன்னும் தட்டையாகப் பற்றிக்கொள்கிறது.

இத்தனை நன்மைக்கும் விலை உண்டு. நேராவதற்குத் துடிக்கும் சக்கரத்தைத் திருப்பிப் பிடித்திருக்க அதிக வலு வேண்டும். அதனால் சாதா ரேக் பூட்டியவர்கள் காஸ்டரை 3, 4 பாகையோடு நிறுத்திக்கொள்வார்கள். கை பிழைத்தது. ஆனால் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் கார் நேர்கோட்டில் நிலைகொள்ளாமல் அலைபாயும். ஸ்டீயரிங் நடுவில் வந்து உட்காரத் தயங்கும். ஓட்டுபவர் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே போக வேண்டும். ‘சாலையின் ஸ்பரிசம்’ வேண்டும் என்று பவர் ஸ்டீயரிங்கை ஒதுக்கியவர், பாரத்துக்குப் பயந்து அந்த ஸ்பரிசத்தின் ஒரு பங்கைத் தானே வெட்டிவிட்டிருக்கிறார்.

ஸ்பரிசம் என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல, அதற்கு இயற்பியல் இருக்கிறது. வளைவில் டயரின் அஞ்சலட்டைப் பரப்பு பக்கவாட்டில் வளைகிறது. முன்னோரம் தரையை அப்போதுதான் தொட்டிருப்பதால் அங்கே வளைவு குறைவு, பின்னோரத்தில் அதிகம். ஆகவே பக்கவாட்டு விசையின் மையம், பரப்பின் நடுவில் இல்லாமல் சில சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது. இதுவும் காஸ்டரோடு சேர்ந்துகொண்டு சக்கரத்தை நேராக்க முயல்கிறது. வேகம் மிஞ்சினால், முதலில் பிடி விடுவது பின்னோரம். விசையின் மையம் முன்னால் நகர்கிறது, நேராக்கும் முறுக்கு குறைகிறது, ஸ்டீயரிங் கையில் லேசாகிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: டயர் முழுவதுமாகப் பிடியை இழப்பதற்கு முன்பே இந்த லேசாதல் தொடங்கிவிடுகிறது. மழையில் நனைந்த வளைவில், கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத எச்சரிக்கை ஓட்டுபவரின் விரல்களுக்கு எட்டிவிடுகிறது.

காஸ்டர் இதில் கொஞ்சம் குறுக்கிடவும் செய்யும். அதை அளவுக்கு மேல் வைத்தால், அதன் முறுக்கு ஓங்கி நின்று, டயரின் மெல்லிய எச்சரிக்கையை மூடிவிடும். எவ்வளவு சாய்வு என்பது ஒரு தீர்ப்பு. வலு இல்லாத கை அந்தத் தீர்ப்பைச் சொல்லும்படி விட்டுவிடக் கூடாது. சிக்கல் அவ்வளவுதான்.

வால்தம் ஊர்ப் பட்டறை

கோப்ரா கிட் தயாராகும் அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வால்தம் ஊரில், 1920களில் ஃபிரான்சிஸ் டேவிஸ் ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தார். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்த பொறியாளர். கனரக லாரிகளை ஒடிக்க ஓட்டுநர்கள் படும் பாடு அவருக்குத் தெரியும். எண்ணெய் அழுத்தத்தால் உதவலாம் என்பது அவருக்கு முன்பே பலருக்குத் தோன்றியதுதான். ஆனால் எண்ணெயை எப்போதும் உயர் அழுத்தத்தில் அடைத்துவைத்தால் கசியும், சூடேறும், எஞ்சினின் சக்தியைத் தின்னும்.

டேவிஸ் அதைத் தலைகீழாக யோசித்தார். வால்வு எப்போதும் திறந்தே இருக்கட்டும். நேராகப் போகும்போது எண்ணெய், பம்ப்பிலிருந்து வந்து வால்வு வழியாகச் சும்மா சுற்றிக்கொண்டு திரும்பட்டும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒரு பக்கம் குறுகி, அந்த நேரத்துக்கு மட்டும் அழுத்தம் எழும்பட்டும். கேட்டால் மட்டும் உதவி. 1926இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் இதைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆர்வம் காட்டியது. பிறகு பொருளாதார மந்தத்தில், செலவு அதிகம் என்று கைவிட்டது. விற்பனைக்கு வந்த காரில் பவர் ஸ்டீயரிங் ஏற 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் கார் கிரைஸ்லர் இம்பீரியல். காலாவதியாகிவிட்ட டேவிஸின் காப்புரிமைகளை அடியொற்றியது அதன் அமைப்பு.

ஓட்டுநர் கேட்கிறார் என்பது வால்வுக்கு எப்படித் தெரிகிறது? இங்கேதான் இந்தக் கட்டுரையின் நாயகன் வருகிறான். பின்னாளில் வந்த எண்ணெய்ப் பவர் ரேக்குகளில், ஸ்டீயரிங் தண்டு நேராகப் பினியனோடு சேர்வதில்லை. இரண்டுக்கும் நடுவே, விரலைவிட மெல்லிய ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது. அதன் மேல்முனை தண்டோடும் கீழ்முனை பினியனோடும் பிணைக்கப்பட்டிருக்கும். டார்ஷன் பார் என்பார்கள். முறுக்குக் கம்பி என்று நாம் சொல்லலாம்.

ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள். டயர் தரையை விட மறுக்கிறது. நடுவில் அகப்பட்ட கம்பி, ஓரிரு பாகை முறுக்கிக்கொள்கிறது. கம்பியின் மேல்முனையோடு திரும்பும் ஓர் உள் உருளையும், கீழ்முனையோடு திரும்பும் ஒரு வெளி உறையும் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. இரண்டிலும் நீளவாட்டில் பள்ளங்கள். கம்பி முறுக்கியதும் அந்தப் பள்ளங்கள் ஒன்றுக்கொன்று விலகி, எண்ணெயை ரேக்கின் ஒரு பக்கத்துக்கு அனுப்புகின்றன. அங்கே இருக்கும் பிஸ்டனை எண்ணெய் தள்ளுகிறது, சக்கரம் திரும்புகிறது. சக்கரம் திரும்பத் திரும்பப் பினியனும் கூடவே சுழன்று, முறுக்கிய கம்பியைப் பிரித்துவிடுகிறது. பள்ளங்கள் மறுபடி நேராகின்றன. உதவி நிற்கிறது. இன்னும் திருப்பினால், மறுபடி அதே சுற்று. நொடிக்கு நொடி, நீங்கள் கேட்பதற்கு ஒரு மயிரிழை பின்னால், கேட்ட அளவுக்கு மட்டும் உதவி வந்துகொண்டே இருக்கிறது.

எண்ணெய் ஒழுகிப்போனாலும், பெல்ட் அறுந்தாலும் இந்த ஏற்பாடு உங்களைக் கைவிடாது. கம்பி சில பாகைக்கு மேல் முறுக்காதபடி ஒரு தடுப்பு உண்டு. அதில் முட்டியதும் தண்டும் பினியனும் நேரடியாக இணைந்துவிடும். ஸ்டீயரிங் கனக்கும். ஆனால் திரும்பும். எஞ்சினை அணைத்த காரில் நாம் முதலில் செய்துபார்த்தது அதைத்தான்.

கையில் தெரியும் பாரம் எல்லாம் உண்மையில் இந்தக் கம்பியின் முறுக்குதான். 15 நியூட்டன் மீட்டர் தேவைப்படும் இடத்தில் கம்பி 3-ஐக் கைக்குக் காட்டுகிறது, மீதி 12-ஐ எண்ணெய் சுமக்கிறது. ஆனால் இந்தப் பங்கீடு எப்போதும் ஒரே விகிதம் அல்ல. பள்ளங்களின் ஓரத்தைச் சீவும் விதத்தில், முதல் சிறு முறுக்குக்கு உதவி ஏறக்குறைய எதுவுமே வராதபடியும், முறுக்கு கூடக் கூட உதவி சரசரவென்று ஏறும்படியும் அமைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வரும் மெல்லிய சேதிகள் கைக்கு அப்படியே போய்ச் சேரும். வீட்டு வாசலில் வரும் பெரும்பாரத்தை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். ஸ்பரிசம் இருப்பதும் செத்துப்போவதும் இந்தச் சீவலில் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் என்றாலே உணர்வு செத்தது என்பவர்கள், சீவல் சரியில்லாத வண்டிகளை ஓட்டியவர்களாக இருக்கலாம்.

ஒரு காரின் பம்ப், இன்னொரு காரின் ரேக்

நம் கோப்ராக்காரர் இப்போது மனம் மாறிவிட்டார். பழைய பவர் ரேக்கைத் தூசி தட்டி எடுக்கிறார். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எஞ்சினில் பெல்ட்டால் ஓடும் பம்ப் வேண்டும். கிடைத்தது வேறு நிறுவனத்தின் பம்ப்பாக இருந்தால், அது தள்ளும் அழுத்தம் இந்த ரேக்குக்கு மிஞ்சிப்போகலாம். அப்போது ஸ்டீயரிங் வெண்ணெயில் கத்தி போல ஓடும். கேட்பதற்கு நன்றாக இருக்கும், 100 கிலோமீட்டர் வேகத்தில் தும்மினால் பக்கத்துப் பாதையில் இருப்போம். அனுபவசாலிகள் பம்ப்பின் வால்வுக்குள் மெல்லிய வாஷர்களைச் சேர்த்து அழுத்தத்தை இறக்குவார்கள். சில்லறைக் காசு பெறாத ஒரு வாஷர், காரின் குணத்தையே மாற்றிவிடும். பிறகு குழாய்கள். கோப்ராவின் வி-8 எஞ்சினுக்கு இருபுறமும் எக்ஸாஸ்ட் குழாய்கள் கொதித்துக்கொண்டிருக்கும். எண்ணெய்க் குழாய் அவற்றை ஒட்டிப் போனால் ஆபத்து. ஆகவே எஃகுக் குழாய், வெப்ப உறை, எண்ணெயைக் குளிர்விக்க ஒரு சுருள் என்று வேலை நீளும்.

எஞ்சின் பின்னால் இருக்கும் கிட் காரில் பம்ப்பை எங்கே மாட்டுவது? டொயோட்டாவின் எம்.ஆர்.2 காருக்கும் இதே சிக்கல் இருந்தது. அதன் இரண்டாம் தலைமுறையில் மின் மோட்டாரால் ஓடும் எண்ணெய்ப் பம்ப்பை வைத்துச் சமாளித்தார்கள். கிட் கார்காரர்கள் பழைய இரும்புக் கடைகளில் தேடும் பொருள்களில் அந்தப் பம்ப்பும் ஒன்று.

எண்ணெயே வேண்டாம் என்று முடிவெடுத்தது, நம்மூர் மாருதியின் தாய் நிறுவனமான சுசூகி. 1988இல் செர்வோ என்ற குட்டிக் காரில் முதன்முதலாக முழு மின்சாரப் பவர் ஸ்டீயரிங் வந்தது. 547 சிசி எஞ்சின். அது தன்னையே இழுத்துக்கொண்டு ஓடப் பாடுபடும்போது, நேராகப் போகும்போதும் ஓயாமல் சுற்றும் எண்ணெய்ப் பம்ப்பை அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை. மின் மோட்டார், திருப்பும்போது மட்டும் மின்சாரம் குடிக்கும். கேட்டால் மட்டும் உதவி என்ற டேவிஸின் எண்ணம் இங்கே இன்னும் ஒரு படி முன்னேறியது.

கம்பி என்ன ஆயிற்று? அது அப்படியே இருக்கிறது. பம்ப், பெல்ட், எண்ணெய், பிஸ்டன் எல்லாம் போன பிறகும், ஸ்டீயரிங் தண்டின் நடுவே அதே முறுக்குக் கம்பி. இப்போது அதன் முறுக்கைப் பள்ளங்களுக்குப் பதில் ஒரு சென்சார் அளக்கிறது. அளவைப் பார்த்து, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் என்று ஒரு கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது.

பிரிட்டனின் கிட் கார்காரர்களுக்கு இதில் பிடித்தமானது, வாக்ஸ்ஹால் கோர்சா என்ற சின்னக் காரின் ஸ்டீயரிங் தண்டு. மோட்டாரும் கம்பியும் சென்சாரும் பெட்டியும் அதிலேயே இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் முழங்காலுக்கு மேலே பூட்டிவிடலாம். நிறுத்தும்போது அது 50 ஆம்பியர் வரை இழுக்கும். 12 வோல்ட்டில் 600 வாட். அம்மா தேங்காய்ச் சட்னி அரைக்கும் மிக்ஸியின் சக்தி. ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரை இதற்குப் போட்டால் புகையும். பேட்டரியிலிருந்து தடித்த கேபிளும் தனி ஃபியூஸும் வேண்டும்.

பெட்டிக்கு ஒரு குழப்பம் வரும். தான் பிறந்த காரில், வண்டியின் வேகம் என்ன என்ற செய்தி அதற்கு ஓயாமல் வந்துகொண்டிருந்தது. மெதுவாகப் போனால் நிறைய உதவி, வேகமாகப் போனால் குறைவு. கிட் காரில் அந்தச் செய்தி வராது. ஏதோ கோளாறு என்று நினைத்து, நடுத்தரமான ஓர் உதவியோடு அது நின்றுவிடும். ஆகவே பொய்யான வேகச் செய்தியை உண்டாக்கும் குட்டிச் சுற்று ஒன்றைக் கட்டி, அதில் ரேடியோவின் சத்தக் குமிழ் போல ஒரு குமிழை வைக்கிறார்கள். அதைத் திருகினால் ஸ்டீயரிங் கனக்கும், இன்னொரு பக்கம் திருகினால் லேசாகும். டேவிஸ் தன் பட்டறையில் செதுக்கிச் செதுக்கித் தேடிய குணத்தை, இவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள்.

வளைந்து போகும் தண்டு

மோட்டாரைப் பூட்டியதோடு வேலை முடிவதில்லை. கோப்ராவில் ஸ்டீயரிங் தண்டு, எக்ஸாஸ்ட் குழாய்களைச் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்துதான் ரேக்கை அடையும். வளையும் இடங்களில் யுனிவர்சல் ஜாயிண்ட். அதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. இரண்டு தண்டுகளுக்கும் நடுவே 30 பாகை கோணம் இருந்தால், மேல் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் கீழ்த் தண்டு சீராகச் சுழலாது. ஒரு சுற்றில் இருமுறை 1.15 மடங்கு வேகமாகவும், இருமுறை 0.87 மடங்காகவும் ஓடும். கையில் அது இறுக்கம், தளர்வு, இறுக்கம், தளர்வு என்று தெரியும். இரண்டாவது ஜாயிண்டைச் சரியான நிலையில் பூட்டினால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை இன்னொன்று தின்றுவிடும். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் சமன் கெடும். பழியெல்லாம் பாவம் மோட்டார் மேல் விழும்.

இன்னொன்று. எண்ணெய் வகையில் உதவி ரேக்கிலேயே கிடைப்பதால், தண்டு கையின் விசையை மட்டும் சுமக்கும். மின்சாரத் தண்டிலோ மோட்டார் மேலே இருப்பதால், அதன் விசை முழுவதும் இந்த ஜாயிண்டுகள் வழியாகத்தான் இறங்க வேண்டும். கை களைத்தால் நிறுத்திவிடும். மோட்டாருக்குக் களைப்பு தெரியாது. சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டி நின்றாலும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஜாயிண்டின் தாங்குதிறனையும் ஒவ்வொரு போல்ட்டின் இறுக்கத்தையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

ரேக்கையே மாற்றுகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. டை ராடு மூட்டுகளும், சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டுகளும் ஒத்த கோட்டில் அமைந்திருக்க வேண்டும். புது ரேக் ஓரிரண்டு சென்டிமீட்டர் நீளமாகவோ உயரமாகவோ அமைந்துவிட்டால், சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகவே சிறிது திரும்பும். ஓட்டுபவர் கேட்காமலேயே வண்டி திரும்பும். கம்பி என்னதான் துல்லியமாக வேலை செய்தாலும் இதைச் சரிசெய்யாது. ரேக்கின் கீழே ஷிம் தகடுகளை வைத்து, அளந்து, எடுத்து, மறுபடி வைத்துப் பல மாலைகள் கழியும்.

கையை எடுத்துப் பார்ப்பது

எல்லாம் பூட்டியாயிற்று. உதவி வந்துவிட்டது. இப்போதுதான், தெரிந்தவர்கள் செய்யும் அந்தக் கடைசி வேலை. காரைத் தூக்கி நிறுத்தி, ஷிம்களை மாற்றி, காஸ்டரை 3, 4 பாகையிலிருந்து 7, 8 பாகைக்குக் கொண்டுபோகிறார்கள். கை தாங்காது என்று வெட்டியதை இப்போது திருப்பி வைக்கிறார்கள். கூடுதல் பாரத்தை மோட்டாரோ எண்ணெயோ சுமக்கும். வேகத்தில் கார் நேர்கோட்டைப் பிடித்துக்கொள்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் சாய்ந்து பற்றுகிறது. ஸ்டீயரிங்குக்கு நடு எது என்று தெரிகிறது. பவர் ஸ்டீயரிங் இந்தக் காருக்குத் தந்தது நிறுத்தும்போது ஒரு சுகம் மட்டும் அல்ல. எடையும் டயரும் மாறியபோது அந்தக் கார் கேட்ட வடிவத்தை, மனிதத் தோளின் வலு மறுத்துக்கொண்டிருந்தது. அந்த மறுப்பை நீக்கியதுதான் பெரிய உதவி.

எடை குறைந்த காருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். 1996 முதல் 2021 வரை தயாரான லோட்டஸ் எலீஸ், கடைசிவரை எந்த உதவியும் இல்லாமல்தான் திரும்பியது. குறைவே போதும் என்பது அந்த வழி. கோப்ராவின் வழி வேறு. 7 லிட்டர் எஞ்சினைத் தூக்கி முன்னால் வைத்த பிறகு, குறைவே போதும் என்று ஸ்டீயரிங்கிடம் மட்டும் சொல்வது பொருந்தாது.

பிரிட்டனில் வீட்டில் பூட்டிய காரைச் சாலைக்குக் கொண்டுவர, தனி வாகன ஒப்புதல் சோதனை ஒன்றில் தேற வேண்டும். அதில் பார்க்கும் பல விஷயங்களில், ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்பதும் ஒன்று. பிறர் காரிலிருந்து எடுத்த மின்சாரத் தண்டு பூட்டியவர்களுக்கு இந்த இடத்தில் வயிறு கலங்கும். மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் பல்சக்கரத்துக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. பிறந்த காரில், திரும்பி வரும்போதும் மோட்டாரே உதவி அந்தப் பிடிவாதத்தைச் சமாளித்துவிடும். வேகச் செய்தி இல்லாத காரில் அந்த உதவி வராமல் போகலாம். அப்போது ஸ்டீயரிங்கை நேராக்கக் காஸ்டரையும் டயரையும் விட்டால் வேறு ஆள் இல்லை.

சோதனை அதிகாரி காரை மெதுவாக வட்டமாக ஓட்டுகிறார். ஸ்டீயரிங் ஒரு பக்கம் ஒடிந்திருக்கிறது. ஓரமாக நிற்கும் உரிமையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். அதிகாரி பிடியைத் தளர்த்துகிறார். டயரின் அடியில் அஞ்சலட்டை அளவு ரப்பர் நேராக முயல்கிறது. அந்த முயற்சி டை ராடு வழியாக ரேக்குக்கும், ஜாயிண்டுகள் வழியாகத் தண்டுக்கும் ஏறி வருகிறது. அதிகாரியின் தளர்ந்த கைகளுக்கு நடுவே ஸ்டீயரிங் ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்லச் சுழன்று நடுவுக்கு வருகிறது. கேட்பதற்குக் கை இல்லாதபோது, கம்பி முறுக்கு நீங்கிச் சும்மா இருக்கிறது.